கப்பல் யாருக்காகக் காத்திருக்கும்?

புது தில்லி: மாலை 5 மணிக்குக் கப்பல் புறப்படும் என்றால், 4.30 மணிக்குள் பயணி கப்பலுக்குள் இருந்தாக வேண்டும். சில கப்பல்களில் இந்த இடைவெளி ஒரு மணி நேரம். காலையில் கரையிறங்கும் முன்பே இது ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகிறது. அறைக்கு வரும் அன்றாட நிகழ்ச்சித் தாளிலும், நடைபாலத்தை ஒட்டிய பலகையிலும் எழுதப்படுகிறது. இருந்தும், ஒவ்வொரு பருவத்திலும் யாராவது ஒருவர் தாமதமாகத்தான் வந்து சேர்கிறார். பைகளைத் தூக்கிக்கொண்டு துறைமுக மேடையில் ஓடிவருபவர்களை மேல்தளத்தில் நின்று கைதட்டி உற்சாகப்படுத்துவது சக பயணிகளுக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. ஓடிவந்தும் கப்பலைப் பிடிக்க முடியாமல் போனவருக்கு அது பொழுதுபோக்கல்ல.

இந்தியத் துறைமுகங்களுக்கு இது இனிமேலும் அயல்நாட்டு வேடிக்கை அல்ல. சுற்றுலாக் கப்பல்களை ஈர்ப்பதற்காக 'குரூஸ் பாரத்' இயக்கத்தை மத்திய துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து மற்றும் நீர்வழிகள் துறை அமைச்சர் சர்வானந்த சோனோவால் 2024 செப்டம்பர் 30-ல் மும்பையில் தொடங்கி வைத்தார். 2023-24-ல் ஏறத்தாழ 4.7 லட்சமாக இருந்த கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இரு மடங்காக்கி 10 லட்சத்துக்குக் கொண்டுசெல்வது இலக்கு. 4 லட்சம் வேலைவாய்ப்புகள் உருவாகும் என்பது அத்துடன் இணைந்த வாக்குறுதி. கொச்சி வெலிங்டன் தீவில் ரூ.25.72 கோடியில் கட்டப்பட்ட 'சாகரிகா' முனையத்தைப் பிரதமர் மோடி 2021 பிப்ரவரியில் திறந்து வைத்தார். மும்பை பல்லார்ட் பியரில் புதிய பன்னாட்டுக் கப்பல் முனையம் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

முனையத்திலிருந்து ஊருக்குள் செல்லும் பயணி எவ்வளவு நேரம் அங்கு இருக்க முடியும், அவருடைய பணம் யாருக்குப் போய்ச் சேரும் என்ற கேள்விகளுக்கான விடை முனையக் கட்டடத்தில் இல்லை. கப்பலின் கடிகாரத்தில் இருக்கிறது.

ஏணி தூக்கப்பட்ட பின்:

கப்பலில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது நிர்வாகத்துக்கு நொடியில் தெரியும். இறங்கும்போதும் ஏறும்போதும் ஒவ்வொரு பயணியின் அட்டையும் நடைபாலத்தில் பதிவு செய்யப்படுகிறது. நேரம் நெருங்கியும் பதிவாகாத பெயர்கள் ஒலிபெருக்கியில் அழைக்கப்படுகின்றன. அதற்கும் பதில் இல்லையெனில் ஊழியர்கள் அவரது அறைக்குச் சென்று, பெட்டகத்தைத் திறந்து, கடவுச்சீட்டை எடுத்து வந்து, கரையில் நிற்கும் கப்பல் முகவரிடம் ஒப்படைப்பது வழக்கம். அதன் பிறகு கயிறுகள் அவிழ்க்கப்படும்.

இதற்குப் பின் ஆகும் விடுதிச் செலவு, விமானக் கட்டணம், விசாக் கட்டணம் அனைத்தும் பயணியைச் சேர்ந்தவை என்று பயணச்சீட்டுடன் இணைந்த ஒப்பந்தம் கூறுகிறது. பலரும் படிக்காமலே ஒப்புக்கொள்ளும் பக்கங்கள் அவை.

மும்பையில் கப்பலைத் தவறவிட்டவரின் அடுத்த துறைமுகம் கொச்சி என்றால் சிக்கல் பெரிதல்ல. கடல் வழியே ஏறத்தாழ 600 கடல் மைல் தொலைவைக் கப்பல் கடக்க ஒன்றரை நாள் ஆகும். விமானம் இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடும். ஆனால், கொச்சியில் தவறவிட்ட கப்பல் மறுநாள் கொழும்பில் நிற்கப் போகிறது என்றால், அவர் இலங்கைக்கான பயண அனுமதியைப் பெற்று, விமானம் பிடித்து, கப்பல் அங்கிருந்தும் புறப்படும் முன் சென்று சேர வேண்டும். மின்-விசாவில் வந்தவர் எந்த அங்கீகரிக்கப்பட்ட குடியேற்றச் சோதனைச் சாவடி வழியாகவும் வெளியேறலாம் என்பது ஓர் ஆறுதல்.

கடவுச்சீட்டு கப்பலோடு போய்விட்டால் நிலைமையே வேறு. சில கப்பல்களில் நிர்வாகமே கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்கிறது. அது முகவரிடம் இறக்கப்படாமல் போனால், அந்தப் பயணி அடையாளமற்ற வெளிநாட்டவராகக் கரையில் நிற்க நேரிடும். காவல் நிலையத்தில் புகார், தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி எனச் சில நாள்கள் கழியும். தூதரகங்களோ சாணக்கியபுரியில், பயணி நிற்பதோ பனம்பூரிலோ மர்மகோவாவிலோ.

பன்னிரண்டு மணி நேரக் கணக்கு:

இரண்டாயிரம் பேர் செல்லும் கப்பல் இரண்டு பேருக்காக அரை மணி நேரம் காத்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். துறைமுகத்தின் பார்வையில் அது அரை மணி நேரம் அல்ல. கப்பலை வெளியே இட்டுச் செல்லும் துறைமுக பைலட், இழுவைப் படகுகள், காலியாகும் மேடைக்காக வெளியே நங்கூரமிட்டு நிற்கும் அடுத்த கப்பல் ஆகிய எல்லாம் ஒரே நேரத்துக்குக் கோக்கப்பட்டவை. தவறிய அரை மணியை இரவில் கடலில் ஈடுகட்டலாம். ஆனால், கப்பலின் வேகம் கூடும்போது அதற்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. வேகத்தில் பத்து சதவீதம் கூட்டினால் ஆற்றல் தேவை மூன்றில் ஒரு பங்கு கூடும். எரிபொருள் கணக்கைப் பார்க்கும் நிறுவனம் இதற்கு எளிதில் இசையாது.

கட்டண முறையும் கடிகாரத்தை ஒட்டியதே. கரோனா காலத்தில் முடங்கிய கப்பல் சுற்றுலாவுக்குக் கைகொடுக்க, 2020 ஆகஸ்டில் கப்பல் போக்குவரத்து அமைச்சகம் துறைமுகக் கட்டணத்தை மொத்தப் பதிவுக் கொள்ளளவில் டன்னுக்கு 0.35 டாலரிலிருந்து 0.085 டாலராகக் குறைத்தது. 50 ஆயிரம் டன் கப்பலுக்கு 17,500 டாலர் என்பது 4,250 டாலராகியது. தலைக்கு 5 டாலர் பயணி வரி அப்போது தனியாக இருந்தது. இந்த ஒற்றைக் கட்டணம் முதல் 12 மணி நேரத்துக்கு மட்டுமே. அதற்கு மேல் தங்கினால் மேடை வாடகை சேரும் என்றும் அந்த அறிவிப்பு கூறியது. காலை 6 மணிக்கு வந்த கப்பல் மாலை 6 மணிக்குள் போய்விட ஏன் துடிக்கிறது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் பயணிக்குக் கிடைப்பதில்லை. கப்பல் கட்டப்பட்டு, குடியேற்ற, சுங்கச் சோதனைகள் முடிந்து, முதல் பேருந்து நகர்வதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடுவதுண்டு. துறைமுக வாயிலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் சோதனை இரு வழியிலும் இருக்கிறது. ஒவ்வொரு துறைமுகத்திலும் புதிதாக முத்திரை குத்தும் பழைய முறைக்கு மாற்றாக, ஒரே பயணத்தின் எல்லா இந்தியத் துறைமுகங்களுக்கும் செல்லுபடியாகும் மின்-தரையிறங்கு அட்டை கொண்டுவரப்பட்டது நல்ல மாற்றமே. ஆயினும் எட்டு மணி நேரம் கையில் மிஞ்சினால் அது நல்ல நாள்.

நேரக் குழப்பம் இன்னொரு கண்ணி. இந்திய நேரம் உலக நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் விலகியது. தாய்லாந்திலிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருந்தால், கப்பல் நேரம் ஊர் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். கரையிறங்கியதும் தானாக இந்திய நேரத்துக்கு மாறிவிடும் செல்பேசியை நம்பியவர், நிம்மதியாகத் தேநீர் அருந்திக்கொண்டிருக்கும்போதே கப்பல் நகர்ந்திருக்கும்.

இரு வகைப் பயணிகள்:

ஆனால், கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்று சொல்வது முழு உண்மை அல்ல. கப்பல் நிறுவனமே விற்கும் கரைச் சுற்றுலாவில் சென்ற பேருந்து தாமதமானால், பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பி வைக்கும் செலவை நிறுவனமே ஏற்கும். அதே சாலையில், அதே நெரிசலில், தாமாக அமர்த்திக்கொண்ட வாடகைக் காரில் வந்தவருக்கு இந்தச் சலுகை இல்லை.

இதன் உச்சம் தாஜ்மகால் சுற்றுலா. மும்பையிலிருந்து 1,200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஆக்ராவை ஒரு பகலில் பார்த்துத் திரும்ப இயலாது. எனவே, பயணிகளை மும்பையில் இறக்கி, விமானத்தில் தில்லிக்கு அழைத்து வந்து, ஆக்ராவைக் காட்டி, கப்பல் சென்று சேரும் அடுத்த துறைமுகத்தில் மீண்டும் ஏற்றிவிடும் இரண்டு, மூன்று நாள் சுற்றுலாக்கள் விற்கப்படுகின்றன. கப்பல் பருவம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. டிசம்பரிலும் ஜனவரியிலும் தில்லி விமான நிலையத்தைப் பனிமூட்டம் மூடுவது ஆண்டுதோறும் நடப்பது. விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால், நிறுவனத்தின் குழுவில் வந்தவருக்கு அது பயணக் கதை. தாமாகச் சீட்டு வாங்கி வந்தவருக்கு அது பல ஆயிரம் டாலர் இழப்பு.

கொச்சியில் பனி இல்லை, சாலை இருக்கிறது. ஆலப்புழைக் காயல்கள் வெலிங்டன் தீவிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த வழியில் அரூர் முதல் துறவூர் வரை 12.75 கிலோமீட்டர் நீளத்துக்கு உயர்நிலைச் சாலைப் பணி 2023-ல் தொடங்கியதிலிருந்து, தேசிய நெடுஞ்சாலை 66-ல் எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்பதை எந்த ஓட்டுநராலும் உறுதியாகக் கூற முடியாத நிலை உருவானது. கோவாவில் முன்பு இந்த இடத்தைப் பிடித்திருந்தது சுவாரி ஆற்றுப் பாலம். 2022 டிசம்பரில் புதிய பாலத்தின் முதல் பகுதி திறக்கப்பட்ட பிறகே மர்மகோவாவிலிருந்து பழைய கோவாவுக்குப் போய்வருவது ஓரளவு கணிக்கக்கூடியதாயிற்று. அந்தப் பாலம் கப்பல் சுற்றுலாத் திட்டத்தில் கட்டப்பட்டதல்ல. ஆனால், எந்த முனையத்தையும்விட அதிக மணி நேரத்தைப் பயணிகளுக்கு அதுதான் மீட்டுக் கொடுத்திருக்கும்.

கப்பலைத் தவறவிடும் அச்சம் ஒரு நல்ல விற்பனைக் கருவியும் ஆகும். 'எங்கள் சுற்றுலாவில் வந்தால் கப்பல் உங்களை விட்டுச் செல்லாது' என்பதே கப்பல் நிறுவனங்களின் முதன்மையான விளம்பரம். வெளியே கிடைப்பதைவிடப் பல மடங்கு விலை கொடுத்துப் பயணி அதை வாங்குகிறார். அந்தப் பணத்தில் நிறுவனத்தின் பங்கு போக மீதி, ஒப்பந்தம் பெற்ற பெரிய சுற்றுலா நிறுவனத்துக்குச் செல்கிறது. துறைமுக வாயிலுக்கு வெளியே பெயர்ப் பலகையுடன் நிற்கும் ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்கும் தனி வழிகாட்டிகளுக்கும் மிஞ்சுவது, துணிந்து நடந்து வெளியே வரும் சிலர் மட்டுமே. சாலை எவ்வளவு நம்பகமற்றதோ, அந்தச் சிலரும் அவ்வளவு குறைவர். வாக்குறுதி அளிக்கப்பட்ட 4 லட்சம் வேலைகளில் இந்த ஓட்டுநர்களின் பங்கு என்ன என்று கேட்பதற்கு இடம் இருக்கிறது.

கடுமையின் மறுபக்கம்:

2024 மார்ச் இறுதியில் ஆப்பிரிக்கத் தீவு நாடான சாவோ டோமேயில் 'நார்வீஜியன் டான்' கப்பல் எட்டுப் பயணிகளை விட்டுச் சென்றது உலகெங்கும் பேசப்பட்டது. ஆறு அமெரிக்கர்கள், இரு ஆஸ்திரேலியர்கள். தனியார் சுற்றுலாவில் சென்று தாமதித்தவர்கள். உள்ளூர்க் கடலோரக் காவல் படகு அவர்களைக் கப்பலின் அருகே கொண்டு சென்றும் ஏற்றிக்கொள்ளப்படவில்லை. பல நாடுகளைக் கடந்து காம்பியாவின் பாஞ்சுல் துறைமுகத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, கடல் வற்றம் காரணமாகக் கப்பல் அங்கு நிற்கவே இல்லை. கடைசியில் செனகலின் டக்கார் நகரில்தான் ஏற முடிந்தது.

நேர்மாறான தவறு இன்னும் கொடியது. 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் மலையேறச் சென்ற 80 வயதுப் பெண் பயணி திரும்பாததைக் கவனிக்காமலே ஒரு சிறிய சுற்றுலாக் கப்பல் புறப்பட்டுவிட்டது. சில மணி நேரம் கழித்துத் தெரியவந்து கப்பல் திரும்பியது. மறுநாள் அவர் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். முன்னதில் எண்ணிக்கை சரியாக இருந்தது, இரக்கம் இல்லை. பின்னதில் எண்ணிக்கையே இல்லை. கப்பல் பவளத் திட்டுக்கு வெளியே நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்குச் சென்று மாலையில் திரும்பும் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் போன்ற லட்சத்தீவுகளுக்கு இந்தச் செய்தி நேரடியாகப் பொருந்தும்.

இந்தியத் துறைமுகங்களிலிருந்து இந்தியர்களே பெருமளவில் பயணம் செய்யும் காலம் வந்துவிட்டது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்ப்ரஸ்' கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை சென்றது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அயல் துறைமுகத்தில் தவறவிடப்பட்டால், அமெரிக்கரைப் போல அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறிவிட முடியாது. பல நாடுகளுக்கு அவருக்கு முன்கூட்டியே விசா வேண்டும். கப்பல் பயணி என்ற முறையில் கிடைத்த கரை அனுமதி, கப்பல் போனதும் பொருளற்றதாகிவிடக் கூடும்.

இவர்கள் கையில் சட்டம் ஒன்று இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதை வரையறுத்து, அதற்கு எதிரான புகார்களை மாநில ஆணையத்தில் தொடுக்க வழி செய்கிறது. புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரவும் இடமுண்டு. நிறுவனம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. தன் பேருந்துக்குக் காத்திருந்து, அதே நெரிசலில் சிக்கிய தனிப் பயணியை விட்டுச் செல்லும் ஒப்பந்தம் நியாயமானதா என்பதை ஆணையம் பரிசீலிக்க முடியும்.

அதுவரை, கப்பல் போன பிறகு மேடையில் மிஞ்சுபவர்கள் மூவர்: கையில் சிறு பையுடன் பயணி, உறையில் கடவுச்சீட்டுடன் முகவர், திரும்பும் வாடகைக்காகக் காத்திருக்கும் ஓட்டுநர்.