உரம் 132 கிலோ, அமிலம் எவ்வளவு?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கு அம்மோனியம் சல்பேட் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அந்த உரம் 132 கிலோவை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் முழுவதுமாக மாற்றினால், காற்றிலிருந்து 128 கிலோ ஆக்சிஜன் சேர்ந்து, 126 கிலோ நைட்ரிக் அமிலமும் 98 கிலோ கந்தக அமிலமும் 36 கிலோ தண்ணீரும் உண்டாகும். கூட்டிப் பாருங்கள், இரு பக்கமும் 260!

தேயிலை அமில மண்ணை விரும்பும் செடிதான். ஆனாலும் மண்ணின் பி.எச். அளவு 4.5-க்குக் கீழே இறங்கினால் அதற்கும் ஆகாது. இத்தனை அமிலத்தையும் முறிக்கச் சுத்தமான டோலமைட் 184 கிலோ வேண்டும்.

இது காகிதக் கணக்கு. நைட்ரேட்டில் ஒரு பங்கைச் செடியே உறிஞ்சிக்கொள்வதால் தோட்டத்தில் தேவை குறையும். டோலமைட் மூட்டையைப் பிரிக்கும் முன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.