கப்பி மீனுக்கு நோயா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்!

மார்கழி மாதம். விடியற்காலை. ஆம்பூரில் ஒரு வீடு. தகப்பனார் ஷூ கம்பெனி வேலைக்குக் கிளம்பிக்கொண்டு இருக்கிறார். சிறுவன் கண்ணாடித் தொட்டியை எட்டிப் பார்க்கிறான்.

"அம்மா! மீன் மேலே உப்பு ஒட்டியிருக்குது!" என்று கூவுகிறான்.

தாய் ஓடி வந்து பார்க்கிறாள். அது உப்பு அல்ல. நோய்!

அன்று மாலை கடையில் இருந்து நீல மருந்து வருகிறது. மறுநாள் மஞ்சள் மருந்து வருகிறது. மூன்றாம் நாள், வீட்டில் யாருக்கோ வாங்கி மிச்சம் இருந்த மாத்திரையும் பொடியாகித் தொட்டியில் விழுகிறது. நான்காம் நாள் மீன்கள் மிதக்கின்றன. சிறுவன் அழுகிறான்.

மீன்களைக் கொன்றது நோயா, மருந்தா? மீன் வளர்க்கும் பல வீடுகளில் நடக்கும் கதை இது. நோயும் மருந்தும் சேர்ந்தே கொன்றுவிடுகின்றன. நோய் இன்னது என்று தெரியாமல் கொடுக்கும் மருந்தும் நஞ்சுதான்.

இதை வேலூர்ப் பக்கத்து மக்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியது இல்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் வேலூரில் தொடங்கிய மருத்துவமனை, இன்று நாடெங்கும் இருந்து நோயாளிகள் தேடி வரும் பெரிய மருத்துவமனை. அங்கே முதலில் சோதனை, பிறகுதான் மருந்து. மனிதனுக்கு உள்ள இந்த விதி மீனுக்கும் உண்டு.

பெயர் வந்த கதை

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வட பகுதியும், அதை அடுத்த டிரினிடாட் தீவும் ஆகும். 1859-ல் ஜெர்மானியரான பீட்டர்ஸ் இந்த மீனை முதன் முதலில் விவரித்து எழுதினார். பிறகு டிரினிடாடில் வாழ்ந்த லெச்மியர் கப்பி என்பவர் சில மீன்களை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1866-ல் அங்கே இருந்த குந்தர் என்ற அறிஞர் அவர் பெயரையே மீனுக்குச் சூட்டினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கப்பி முட்டை இடுவது இல்லை, குட்டி போடும். ஏறத்தாழ 4 வாரத்துக்கு ஒரு முறை பிரசவம்! ஆண் மீன் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. வால் மட்டும் மயில் தோகை போல் மின்னும்.

அழகுக்கு மட்டும் அல்ல இந்த மீன். கொசுப் புழுவை ஆவலோடு தின்னும். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு, வீட்டில் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டை இடுகிறது. குழாயில் நாள் தவறி நாள் தண்ணீர் வரும் ஊர்களில் சிமெண்டுத் தொட்டி இல்லாத வீடு ஏது? அந்தத் தொட்டியில் நாலு கப்பி இருந்தால் அவை வீட்டுக்குக் காவல்காரர்கள். காவல்காரன் படுத்துவிட்டால் கொசுவுக்குக் கொண்டாட்டம்!

நோய் எங்கே தொடங்குகிறது?

மீன் தான் குடியிருக்கும் தண்ணீரிலேயே கழிவும் விடுகிறது. அந்தக் கழிவில் இருந்து அம்மோனியா உண்டாகும். அது மீனின் செவுளை அரிக்கும். தொட்டியின் மணலிலும் பஞ்சு வடிகட்டியிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள்தான் அந்த நஞ்சை முறிக்கின்றன. இவை புதுத் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் வரை பிடிக்கும். அதற்குள் மீனை நிறைய விட்டால் ஆபத்து.

வடிகட்டியைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாலும் ஆபத்து. குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். மின்சாரம் பல மணி நேரம் நின்றுபோனாலும் அவை காற்று இன்றிச் சாகும். கண்ட மாத்திரையைக் கரைத்து ஊற்றினாலும் சாகும்.

ஆகவே மீன் சோர்ந்தால் செய்ய வேண்டிய முதல் காரியம் என்ன? அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைச் சொட்டு மருந்தால் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அம்மோனியா சிறிதும் இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு நாள் இரையை நிறுத்த வேண்டும். கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுவதும் திறந்த வாளியில் வைத்து, குளோரின் போன பிறகே ஊற்ற வேண்டும். பல மீன்கள் இதிலேயே தேறிவிடும்.

இரண்டு வெள்ளை! இரண்டு வைத்தியம்!

தண்ணீர் சரியாக இருந்தும் மீன் தேறவில்லையா? உடம்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளையாக எதைக் கண்டாலும் ஒரே மருந்தை ஊற்றுகிறார்கள்.

ரவை தூவியது போல் உடம்பிலும் வாலிலும் தனித்தனிப் புள்ளிகள் இருந்தால், அது வெண்புள்ளி நோய். நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்று தோலுக்குள் புகுந்து வளர்கிறது. வளர்ந்தபின் கீழே விழுந்து, ஒன்று பல நூறாகப் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் இரண்டொரு நாளில் வேறு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதை எட்டாது. நீந்தித் திரியும்போதுதான் எட்டும். எனவே ஒரு நாள் மருந்து போதாது. புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் வைத்தியம் தொடர வேண்டும்.

இந்த நோய்க்குச் சூடு நல்லது. வெப்பக் குழாய் வைத்துத் தண்ணீரை மெல்ல மெல்ல 30 டிகிரிக்குக் கொண்டுவரலாம். மார்கழி, தை மாதக் குளிரில் இது அதிகம் தோன்றுவதன் காரணம் இப்போது விளங்கும்.

இன்னொரு வெள்ளை உண்டு. வாயைச் சுற்றிப் பஞ்சு போலவோ, முதுகில் சேணம் போட்டது போலச் சாம்பல் திட்டாகவோ தெரியும். இது பாக்டீரியா நோய். இதற்குச் சூடு ஆகாது! சூடு ஏற ஏற நோய் முற்றும். ஓரிரு நாளில் தொட்டியே காலியாகிவிடலாம். நோயுற்ற மீனை உடனே பிரித்து வைத்து, தண்ணீரைச் சற்றுக் குளிர்ச்சியாகவும் சுத்தமாகவும் வைத்துக்கொண்டு, கால்நடை மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ரவையா, பஞ்சா? இந்த ஒரு கேள்விதான் மீனின் உயிர்.

மற்ற அடையாளங்கள்

டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்தால் பொன் தூள் பூசியது போல் மின்னுகிறதா? அது வெல்வெட் நோய். இந்தக் கிருமிக்கு வெளிச்சமும் உணவு. தொட்டியை இருட்டாக்க வேண்டும்.

மீன் கல்லில் உரசுகிறதா? வாலைக் குச்சி போல் மடக்கிக்கொள்கிறதா? தோலில் கண்ணுக்குத் தெரியாத புழு ஒட்டியிருக்கலாம். கப்பியைப் போல இந்தப் புழுவும் குட்டி போடும். தாயின் வயிற்றில் மகள். அந்த மகளின் வயிற்றுக்குள்ளேயே பேத்தி! பெருகும் வேகத்தைக் கேட்கவா வேண்டும்?

கழிவு வாயில் சிவப்பு நூல் தொங்கினால் அது குடல் புழு. இதற்கு உப்பு பயன்படாது. மருத்துவர் சொல்லும் புழு மருந்துதான் வழி.

வயிறு பெருத்தால் நோய் என்று பதற வேண்டாம். பெண் கப்பியின் வயிற்றடியில் கறுப்புத் திட்டு இருந்து, செதில்கள் படிந்திருந்தால் அது கர்ப்பம்! செதில்கள் சீத்தாப்பழத் தோல் போல் விரிந்து நின்றால் அது நீர்க்கோவை. அப்படிப்பட்ட மீன் பிழைப்பது அரிது.

உப்பின் கணக்கு

வெண்புள்ளிக்கும் தோல் புழுவுக்கும் நம் சமையல் அறைக் கல் உப்பே கைகண்ட மருந்து. ஆனால் கண் அளவு கூடாது. தராசு அளவு வேண்டும். ஒரு லிட்டருக்கு 2 கிராம். அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம். வேறு பாத்திரத்தில் கரைத்து, மூன்று பங்காக்கி, ஒரு நாள் முழுவதும் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். செடியும் நத்தையும் இருந்தால் அவற்றை முதலில் எடுத்துவிட வேண்டும்.

மக்கள் புழங்கும் சிமெண்டுத் தொட்டியிலும் கிணற்றிலும் உப்போ மருந்தோ போடவே கூடாது. மீனைப் பிடித்துத் தனி வாளியில் வைத்தே வைத்தியம் செய்ய வேண்டும்.

அக்கினி நட்சத்திரத்தில்

வேலூர் வெயில் ஊர் அறிந்தது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 35 டிகிரியில் அது 7 ஆகக் குறையும். அதே நேரம் மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீனுக்கு மருந்து வேண்டாம், காற்று வேண்டும். நிழல் வேண்டும். இரை குறைய வேண்டும்.

வருமுன் காப்பது இன்னும் எளிது. சென்னை கொளத்தூர் அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம். அங்கே வாங்கிய மீன் பையில் அடைபட்டு, பல மணி நேரம் பயணம் செய்து ஆம்பூர் வந்தால் களைத்துப் போயிருக்கும். களைத்த மீனை நோய் சுலபமாகப் பற்றும். புது மீனை 3 அல்லது 4 வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்ற மீன்களோடு விட வேண்டும். வலையும் தனியாக இருக்கட்டும்.

கையில் காயமா?

மெலிந்து, முதுகு வளைந்து, புண் பட்டு நிற்கும் கப்பிக்கு மீன் காசநோய் இருக்கலாம். அந்தத் தண்ணீரில் காயம் பட்ட கையை விட்டால், மனிதத் தோலிலும் ஆறாத கட்டி வரக்கூடும். தோலை அறுத்தும் தைத்தும் பிழைக்கும் ஊர்களில் விரலில் கீறல் இல்லாத கை குறைவு. உறை போட்டுக்கொண்டே தொட்டியைக் கழுவ வேண்டும். கட்டி ஆறாவிட்டால் மருத்துவரிடம் மீன் தொட்டி பற்றியும் சொல்ல வேண்டும்.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு கெட்ட கதை உலகம் அறிந்தது. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. கழிவைச் சுத்தம் செய்யாத ஆலை இயங்கக் கூடாது என்றது கோர்ட்டு. கெடுத்தவனே நஷ்டம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

அப்படிப்பட்ட மண்ணில் ஒரு தவறான நம்பிக்கை ஆபத்தாக முடியும். "மீன் நீந்துகிறதே, தண்ணீர் நல்ல தண்ணீர்தான்" என்று எண்ணுவதே அது. கப்பி உப்பு நீரையும் தாங்கும்; சாக்கடையில்கூடப் பிழைத்துக் கிடக்கும். அது உயிரோடு இருப்பது தண்ணீருக்கு நற்சான்று ஆகாது. போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்த பிறகே குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும்.

பாவம் பார்த்து மிஞ்சிய கப்பியை ஏரியிலோ ஆற்றிலோ விடுவதும் தவறு. நம் நாட்டுச் சிறு மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

மருந்துப் புட்டியைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். தண்ணீரைச் சோதியுங்கள். மீனை உற்றுப் பாருங்கள். ரவையா, பஞ்சா என்று கேளுங்கள். ஆம்பூர்ச் சிறுவன் அழ வேண்டியது இல்லை!