வீட்டு மடிக்கணினிக்குள் இன்னொரு கணினி: புதிது வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கியதும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் தகவல் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்கள் பலருக்கு வரும் முதல் வேலைகளில் ஒன்று, தங்கள் மடிக்கணினியில் மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைப்பது. ‘லினக்ஸ் நிறுவிக்கொண்டு வாருங்கள்’ என்று ஒரே வரியில் வந்துவிடும் அந்த வேலை, வீட்டில் இரண்டு கவலைகளைக் கிளப்பிவிடும். இருக்கும் மடிக்கணினி கெட்டுப்போகுமா? புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா?

அண்ணனும் தங்கையும் ஒரே மடிக்கணினியைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இவை சிறிய கேள்விகள் அல்ல. இரண்டுக்கும் பெரும்பாலும் ‘இல்லை’ என்பதே பதில். ஆனால், தொடங்குமுன் நான்கு சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும்.

மெய்நிகர்க் கணினி என்பது என்ன?

வீவக புளோக் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். கட்டடம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, தனிச் சமையலறை உண்டு. ஒரு வீட்டில் சுவருக்கு வேறு சாயம் அடித்தால் பக்கத்து வீட்டின் நிறம் மாறாது. அதேபோல, விண்டோஸ் ஓடும் மடிக்கணினிக்குள் ஒரு மென்பொருள் இன்னொரு கணினியை உருவாக்கித் தருகிறது. அந்த உட்கணினிக்குத் தனி நினைவகம், தனி வட்டு, தனி இயங்குதளம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அதன் வட்டு வெறும் ஒரு பெரிய கோப்புதான்.

இது புதிய யோசனையும் அல்ல. விலை உயர்ந்த ஒரு பெருங்கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்காக ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே இதில் இறங்கியது. 1972ல் அதை விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கும் வழங்கியது.

பாடத்துக்கு இது தேவைப்படுவதற்குக் காரணம், தவறு செய்து கற்றுக்கொள்ள முடியும் என்பதுதான். முக்கியமான கோப்பைத் தெரியாமல் அழித்தாலும், வலையமைப்பை உடைத்தாலும் பாதிக்கப்படுவது உட்கணினி மட்டுமே. வீட்டுப் படங்களும் தங்கையின் பள்ளிப் பாடங்களும் அப்படியே இருக்கும்.

நான்கு சோதனைகள்

முதலாவது, நினைவகம். உபுன்டு லினக்ஸின் மேசைக்கணினிப் பதிப்புக்கு 4 ஜிபி பரிந்துரைக்கப்படுகிறது. மடிக்கணினியில் 16 ஜிபி இருந்தால் தாராளம். 8 ஜிபி இருந்தால் வேலை நடக்கும், ஆனால் இணைய உலாவியை மூடிவைக்க வேண்டியிருக்கும். மொத்த நினைவகத்தில் பாதிக்குமேல் உட்கணினிக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. 8 ஜிபி போதவில்லையென்றால், படச்சின்னங்கள் இல்லாமல் கட்டளைகளால் மட்டும் இயங்கும் உபுன்டு சர்வர் பதிப்பைப் பயன்படுத்தலாமா என்று விரிவுரையாளரிடம் கேட்கலாம். அதற்கு 2 ஜிபி போதும். சில மடிக்கணினிகளில் கூடுதல் நினைவகத்தைப் பொருத்தவும் முடியும். புதிய கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் செலவு மிகக் குறைவு.

இரண்டாவது, வட்டில் காலியிடம். ஓர் உபுன்டு கணினிக்கு 25 ஜிபி தேவை. சில பாடங்களில் இரண்டு மூன்று உட்கணினிகள் வேண்டியிருக்கும் என்பதால் 60 முதல் 80 ஜிபி காலியாக இருப்பது நல்லது. உட்கணினியின் வட்டுக் கோப்பு பயன்படுத்தப் பயன்படுத்த வளரும். உள்ளே கோப்புகளை அழித்தாலும் அது தானாகச் சுருங்காது.

மூன்றாவது, செயலியில் மெய்நிகராக்க வசதி இயங்குகிறதா என்பது. இன்டெல் செயலிகளில் இது விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி செயலிகளில் ஏஎம்டி-வி என்றும் அழைக்கப்படுகிறது. விண்டோஸில் ‘டாஸ்க் மேனேஜர்’ சென்று, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘சிபியு’வைத் தட்டினால் ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரி தெரியும். அங்கு ‘எனேபிள்ட்’ என்றிருந்தால் கவலையில்லை. ‘டிஸேபிள்ட்’ என்றிருந்தால் கணினி தொடங்கும்போது பயாஸ் அமைப்புக்குள் சென்று அதை இயக்க வேண்டும். அதற்குமுன் பிட்லாக்கர் மீட்புக் குறியீட்டை எழுதிவைத்துக்கொள்வது அவசியம். பயாஸில் மாற்றம் செய்த பிறகு சில மடிக்கணினிகள் அந்த 48 இலக்கக் குறியீட்டைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் குடும்பத்தின் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிடும்.

நான்காவது, செயலியின் வகை. 2020 இறுதியிலிருந்து வந்த எம்1, அதற்கடுத்த ஆப்பிள் செயலிகள் கொண்ட மேக் கணினிகள் ‘ஆர்ம்’ வகையைச் சேர்ந்தவை. இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்காகத் தயாரித்த உட்கணினிக் கோப்பு அவற்றில் நேரடியாக ஓடாது. போலச் செய்து ஓட்ட வழி இருந்தாலும் மிக மெதுவாக இருக்கும். ஆகவே, படிப்புக்கென மடிக்கணினி வாங்கவிருப்போர் கடைக்குப் போகுமுன் துறையின் பரிந்துரைப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். விலை கூடிய கணினி எல்லாம் பாடத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அமைக்கும்போது

மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 2024 மே மாதம் முதலும், எல்லாருக்கும் அவ்வாண்டு நவம்பர் முதலும் இலவசமாகிவிட்டது. மேக் பயனாளர்களுக்கு யுடிஎம் உள்ளது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட விரிவுரையாளர் சொன்னதையே பயன்படுத்துவது நல்லது. சிக்கல் வந்தால் உதவுவது அவருக்கும் எளிது.

உபுன்டு நிறுவல் கோப்பு ஏறக்குறைய 6 ஜிபி. கைப்பேசித் தரவில் இறக்காமல் வீட்டு வைஃபையில், உபுன்டுவின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும்.

நிறுவும்போது பலரும் கைநடுங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவு’ என்று திரையில் வரும். உட்கணினியின் சாளரத்துக்குள் அது வந்தால் அழியப்போவது புதிதாக உருவாக்கிய வெற்று வட்டுதான், மடிக்கணினியின் வட்டு அல்ல. அதே வரி, யுஎஸ்பி வழியாகத் தொடங்கிய கணினியின் முழுத்திரையில் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அங்கு அழிவது உண்மையான வட்டு.

விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ்ப்பகுதியில் சிறிய பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதி குறுக்கே நிற்கிறது என்று பொருள். கணினி பழுதாகவில்லை, மெதுவாகத்தான் ஓடும். அதைச் சரிசெய்ய இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் சில, விண்டோஸின் பாதுகாப்பு அம்சங்களை அணைக்கச் சொல்லும். விரிவுரையாளரைக் கேட்காமல் அவற்றில் கை வைக்க வேண்டாம்.

பாடவேலையைக் காப்பாற்றுவது

நிறுவி முடித்ததும் ஒரு ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்துவைக்க வேண்டும். உட்கணினியின் அந்த நேரத்து நிலையை அது பதிவுசெய்துகொள்ளும். பிறகு எது கெட்டாலும் சில நிமிடங்களில் அந்த நிலைக்குத் திரும்பலாம்.

ஆனால் ஸ்னாப்ஷாட் ஒரு காப்புப்பிரதி ஆகாது. அது இருப்பதும் அதே மடிக்கணினியின் அதே வட்டில்தான். வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்து போய்விடும். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது, அதற்குப் பிறகு செய்த பாடவேலையும் மறைந்துவிடும். ஒப்படைக்க வேண்டிய நிரல்களையும் அறிக்கைகளையும் அன்றாடம் மேகச் சேமிப்பகத்திலோ கிட்ஹப்பிலோ உட்கணினிக்கு வெளியே சேமிப்பதே பாதுகாப்பு. உட்கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மடிக்கணினியை வலுக்கட்டாயமாக அணைக்கவும் கூடாது.

எல்லை தாண்டாமல் இருக்க

இணையப் பாதுகாப்புப் பாடங்களில் ‘மெட்டாஸ்ப்ளாய்டபிள்’ போன்ற, வேண்டுமென்றே ஓட்டைகளுடன் உருவாக்கிய உட்கணினிகள் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றைக் ‘ஹோஸ்ட்-ஒன்லி’ வலையமைப்பில் மட்டுமே இயக்க வேண்டும். ‘பிரிட்ஜ்டு’ என்று மாற்றினால் வீட்டு வைஃபையிலோ கல்லூரி வலையமைப்பிலோ உள்ள பிறருக்கும் அந்தத் திறந்த கதவு தெரியும்.

காலி லினக்ஸ் கருவிகளை உட்கணினியில் இயக்கினாலும் சட்டம் வெளியுலகில்தான் இருக்கிறது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது சிங்கப்பூரின் கணினி முறைகேட்டுச் சட்டத்தின்படி குற்றம். முதல் முறை குற்றம் புரிவோருக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பக்கத்து வீட்டு வைஃபையில் ‘சும்மா சோதித்துப் பார்த்தேன்’ என்பது விளக்கமாகாது.

கணினி போதவில்லை என்றால்

எல்லாச் சோதனைகளும் முடிந்து, இருக்கும் மடிக்கணினி தாங்காது என்று தெரிந்தால் உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. லினக்ஸ் கட்டளைகள் மட்டும் தேவைப்படும் பாடங்களுக்கு விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் டபிள்யூஎஸ்எல் போதுமா என்று கேட்கலாம். கல்லூரி ஆய்வுக்கூடக் கணினிகளைப் பாட நேரத்துக்கு வெளியே பயன்படுத்த முடியுமா என்றும் விசாரிக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்கள் தகவல், தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் ‘டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம்’ திட்டத்தில் சலுகை விலையில் மடிக்கணினி பெறத் தகுதி உண்டா என்று பார்க்கலாம்.

இந்தக் கேள்விகளை முதல் வாரத்திலேயே விரிவுரையாளரிடம் கேட்டுவிட்டால் மாற்று வழி தேட நேரம் இருக்கும். பாடவேலையை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவில், நிறுவல் 90 விழுக்காட்டில் நின்றுபோன பிறகு கேட்டால் யாராலும் பெரிதாக உதவ முடியாது.