கரிசல் மண்ணில் ஒரு ஹாக்கித் திருவிழா... தெரியுமா?

விடுமுறைக்குப் பெரிய நகரத்துக்கு வரும் அமெரிக்கக் குடும்பங்கள் ஒரு நாளைப் பேஸ்பால் ஆட்டத்துக்கென்றே ஒதுக்கி வைப்பார்கள். தாத்தா முதல் கைக்குழந்தை வரை அன்று முழுக்க கேலரியில்தான்! அப்படி ஒரு நாள் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கும், அதுவும் கோவில்பட்டியில் கிடைக்கும் என்பது தெரியுமா?

ஆட்டம்தான் வேறு. இங்கே ஹாக்கி! கடலை மிட்டாய், தீப்பெட்டி, கி.ராஜநாராயணன் என்று நாம் அறிந்து வைத்திருக்கும் இந்த ஊர், தென் தமிழ்நாட்டின் ஹாக்கிக் கோட்டை. மற்ற ஊர்களில் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு திரிகிற வயதில் இங்கே தோளில் ஹாக்கி மட்டை தொங்கும். கே.ஆர். கல்வி நிறுவனங்கள் சார்பில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு ரயில்வே, இந்தியன் ஆயில், ராணுவம் என்று நாட்டின் முன்னணி அணிகள் வந்து இறங்கும். இன்னொன்று கேளுங்கள்: தேசிய ஜூனியர் ஆண்கள் சாம்பியன்ஷிப் 2021 டிசம்பரில் இங்கே நடந்தது. அடுத்த சாம்பியன்ஷிப் 2022 மே மாதம் எங்கே? மறுபடியும் இங்கேதான்! ஆறு மாதத்துக்குள் இரண்டு தேசியப் போட்டிகளை நடத்திக் காட்டிய ஊர் இது.

கிருஷ்ணா நகர் மைதானத்துக்குப் போய் உட்கார்ந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் தெரியுமா? "ஏம்ப்பா, தரைக்குப் போயி தண்ணி அடிக்கிறாங்க?"

அருமையான கேள்வி! செயற்கைப் புல்தரையின் இழைகள் காய்ந்திருந்தால் பந்து உரசி உரசி வேகம் குறையும், துள்ளித் திசை மாறும். விழுந்து சறுக்கும் வீரரின் முழங்கால் தோல் வழன்றுபோகும். நனைத்துவிட்டால் பந்து தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு பறக்கும். அதனால் ஆட்டத்துக்கு முன்பு ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை என்று மைதான ஓரத்துக் குழாய்கள் ஆயிரக்கணக்கான லிட்டரைப் பீய்ச்சி அடிக்கும். வெயிலில் அந்தச் சாரல் மின்னுவதைப் பார்க்கவே பிள்ளைகள் வேலியோரம் ஓடுவார்கள்.

இது நடப்பது எந்த மண்ணில் என்று நினைத்துப் பாருங்கள். கரிசல்! ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண் இதில் நிறைந்திருக்கிறது. மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆற்றுப் பாசனம் கிடையாது, பருத்தியும் உளுந்தும் கம்பும் வானத்தை நம்பித்தான். இப்படிப்பட்ட மானாவாரிச் சீமையில் தண்ணீர் கேட்கும் ஆட்டம் வேரூன்றியதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது. செயற்கைத் தரை வருவதற்கு வெகுகாலம் முன்பே, வெறும் மண் தரையில் இந்த ஊர் ஆடத் தொடங்கிவிட்டது. இப்போது சர்வதேச ஹாக்கி சம்மேளனம் தண்ணீர் குறைவாகக் கேட்கும் தரைகளை நோக்கி நகர்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அப்படியொரு தரையில்தான் ஆடினார்கள். அந்தத் தரை முதலில் வந்து சேர வேண்டிய ஊர் கோவில்பட்டி என்பேன்!

ஹாக்கிப் பந்தும் கிரிக்கெட் பந்தும் ஏறக்குறைய ஒரே எடை என்பது தெரியுமா? ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் வரை. பேஸ்பால் அதைவிடக் கொஞ்சம் லேசு, 150 கிராமுக்கும் கீழே. ஹாக்கி மட்டையில் பந்தை அடிக்க ஒரு பக்கம்தான், தட்டையான இடப்பக்கம். இடது கைப் பழக்கக்காரருக்கும் அதே மட்டைதான், வேறு கிடையாது! நடுவர் பச்சை அட்டை காட்டினால் 2 நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம். சிவப்பு என்றால் அவ்வளவுதான், அன்றைய ஆட்டம் முடிந்தது.

பெனால்டி கார்னர் வந்தால் மட்டும் யாரையும் டீ வாங்க அனுப்பாதீர்கள்! தடுக்கும் அணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர் கோல் கோட்டில் நிற்பார்கள். பந்து உள்ளே வந்த நொடியில் அவர்கள் பாய, எதிரே நிற்பவர் மட்டையில் பந்தை ஏந்தி இழுத்துச் சுண்டுவார். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகம்! முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு அந்தப் பந்துக்கு நேராக ஓடுகிறவனின் துணிச்சலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சரி, கொறிக்க? பேஸ்பால் மைதானங்களில் காலங்காலமாக விற்கும் 'கிராக்கர் ஜாக்' எதில் செய்தது தெரியுமா? பாகில் புரட்டிய சோளப்பொரியும் வேர்க்கடலையும்! நம் கடலை மிட்டாய்க்குத் தூரத்துச் சொந்தம் அல்லவா அது? கோவில்பட்டி மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கரிசலில் விளைந்த கடலையை வறுத்து, தோல் நீக்கி, உடைத்து, வெல்லப்பாகில் கொட்டிக் கிளறுகிறார்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டதும் உடையும் பதத்துக்குப் பாகு வர வேண்டும். கொஞ்சம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். பிறகு சூடு ஆறுவதற்குள் பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, வில்லை போட வேண்டும். கேலரியில் அதைக் கடிக்கும் சத்தம் கோல் சத்தத்துக்கு ஈடு!

இந்த ஊர்ப் பையன் இந்தியாவுக்கே ஆடியதும் தெரியுமா? சக்திவேல் மாரீஸ்வரன்! 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் அறிமுகமானார். அரியலூர் செல்வம் கார்த்தியும் அதே அணியில். இந்தியா வெண்கலம் வென்றது. ஜகார்த்தாவில் அவர் இந்தியச் சட்டை அணிந்து ஓடிய அதே மே மாதத்தில், கோவில்பட்டியில் நாடு முழுவதும் இருந்து வந்த ஜூனியர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்!

2025 நவம்பர், டிசம்பரில் 24 நாடுகளின் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, கோவில்பட்டிக்காரர்களுக்கு உலகக் கோப்பை சுமார் 100 கிலோமீட்டரில். ரயில் ஏறினால் மதுரை. அடுத்த கோடையில் அதே ரயிலில் எதிர்த்திசையில் கோவில்பட்டிக்கு ஏறுங்கள். போட்டித் தேதியை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். பெனால்டி கார்னர் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்!