பழைய ராணுவ ரைஃபிளை அமெரிக்கர்கள் தேடித் தேடி வாங்குவது ஏன்? இறக்குமதியில் என்ன சிக்கல்?

இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்காவில் செய்த ஒரு ரைஃபிள். எடை நாலு கிலோவுக்கு மேல். நட்பு நாடான தென் கொரியாவுக்கு ராணுவ உதவியாகப் போனது. புது ஆயுதங்கள் வந்த பிறகு கிடங்கில் தூங்கியது. அதை விற்க தென் கொரியா ரெடி; காசு கொடுத்து வாங்க அமெரிக்கச் சேகரிப்பாளர்களும் ரெடி. ஆனாலும் கப்பல் கிளம்பவில்லை.

ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கென்னடியும் 19.95 டாலர் துப்பாக்கியும்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பிய ராணுவங்கள் பழைய ரைஃபிள்களைக் கழித்துக்கட்டின. அவை கப்பல் கப்பலாக அமெரிக்கா வந்து இறங்கின. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, பணம் அனுப்பினால் போதும், தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். விலையோ அடிமாட்டு விலை. இதனால் அடி வாங்கியது உள்ளூர் துப்பாக்கித் தொழில்தான்.

1958-ல், இந்த இறக்குமதியைத் தடுக்க செனட்டில் ஒரு மசோதா வந்தது. கொண்டுவந்தவர், துப்பாக்கித் தொழிற்சாலைகள் நிறைந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட்டர். பெயர், ஜான் எஃப். கென்னடி. அவர் கேட்ட முழுத் தடை கிடைக்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து, 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். பயன்பட்டது, இத்தாலி ராணுவம் கழித்த கார்கானோ ரைஃபிள். லீ ஹார்வி ஆஸ்வால்டு அதை சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப் பெயரில் தபாலில் வாங்கியிருந்தார். தொலைநோக்கியோடு சேர்த்து விலை 19.95 டாலர்.

1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு, அதே வருடம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பொதுமக்கள் தபாலில் துப்பாக்கி வாங்குவதும், ராணுவ உபரித் துப்பாக்கி இறக்குமதியும் நின்றன.

அப்புறம் கதவு எப்படித் திறந்தது?

1984-ல் ஒரு திருத்தம் வந்தது. ‘அரும்பொருள்’ வகையில் சேரும் ராணுவத் துப்பாக்கிகளை மட்டும், உரிமம் பெற்ற இறக்குமதியாளர்கள் கொண்டுவரலாம் என்றார்கள். எது அரும்பொருள்? முக்கியமான அளவுகோல் வயசுதான். செய்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும். ராணுவம் பயன்படுத்திய அதே வடிவில் இருக்க வேண்டும்.

* தடைப் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து வரக் கூடாது.
* இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் துப்பாக்கியில் பொறிக்கப்பட வேண்டும். சேகரிப்பாளர்களுக்கு இந்த முத்திரை சுத்தமாகப் பிடிக்காது. மதிப்பைக் குறைக்கும் தழும்பு என்பார்கள்.
* 1898 அல்லது அதற்கு முன் செய்தவை கூட்டாட்சிச் சட்டப்படி ‘பழம்பொருள்’. துப்பாக்கிச் சட்டத்தின் பெரும்பாலான விதிகள் அவற்றுக்குப் பொருந்தாது.

சேகரிப்பாளர்களுக்கென்றே தனி உரிமமும் உண்டு. மூன்று வருடத்துக்கு 30 டாலர். அது இருந்தால் அரும்பொருள் வகைத் துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்தும் நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். வாங்கி விற்று வியாபாரம் செய்யத்தான் முடியாது.

சோவியத் கிடங்குகள் திறந்தபோது மொசின்-நாகன்ட் ரைஃபிள்கள் குவிந்தது இந்த வழியில்தான். ஒருகாலத்தில் 100 டாலருக்கும் கீழே கிடைத்தன. கெட்டியான கிரீஸ் பூசி, பெட்டி பெட்டியாக வந்தவை. அதைத் துடைத்து, முத்திரையைப் படித்து, எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம், பாகங்களின் எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதில்தான் சேகரிப்பாளருக்குக் கிக்.

கொரியாவில் என்ன தடங்கல்?

எம்1 கேரண்டு 1936-ல் அமெரிக்க ராணுவம் ஏற்ற ரைஃபிள். எட்டுத் தோட்டா கொள்ளும். ஒவ்வொரு தடவை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு. 50 வருடக் கணக்கில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில்.

அமெரிக்கா ராணுவ உதவியாகக் கொடுத்த ஆயுதத்தை, வாங்கிய நாடு தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை சம்மதிக்க வேண்டும். 2009-ல் தென் கொரியா 80,000-க்கும் மேற்பட்ட கேரண்டுகளையும், அதைவிட இலகுவான எம்1 கார்பைன்கள் பல ஆயிரத்தையும் விற்கத் திட்டமிட்டது. 2010-ல் அமெரிக்க அரசு முட்டுக்கட்டை போட்டது. 2013 ஆகஸ்டில் ஒபாமா அரசு இதைப் பொதுக் கொள்கையாகவே அறிவித்தது: இப்படிப்பட்ட ஆயுதங்களைத் தனியார் திரும்பக் கொண்டுவர அனுமதி இல்லை, அருங்காட்சியகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 2005-க்குப் பிறகு 2,50,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்கு அனுமதி தரப்பட்டிருந்தது என்றும் அப்போது சொன்னது.

சேகரிப்பாளர்கள் கொந்தளித்தார்கள். ‘நாலு கிலோ கனம், ஒரு மீட்டருக்கு மேல் நீளம். இதைத் தூக்கிக்கொண்டு எவன் கொள்ளையடிக்கப் போவான்?’ என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்போ, சுட்டால் குண்டு பாயும்வரை அது ஆயுதம்தான் என்கிறது. கார்பைன் விஷயத்தில் இந்த வாதத்துக்கு வலு அதிகம். அது சின்னது, 15 அல்லது 30 தோட்டாப் பெட்டி பொருத்தலாம். இந்தப் பேச்சில் கார்கானோவின் நிழலும் விழாமல் இல்லை. அதுவும் ‘பழைய சாமான்’ என்ற பெயரில் வந்ததுதானே?

பின்வாசல் வழி

தனியாருக்குக் கதவு மூடினாலும், ராணுவமே திரும்ப எடுத்துக்கொள்ளத் தடை இல்லை. 2018 வாக்கில் பிலிப்பைன்ஸ், துருக்கியிலிருந்து சுமார் ஒரு லட்சம் கேரண்டுகள் அப்படித்தான் வந்தன. அவை போன இடம், சிஎம்பி என்ற லாப நோக்கற்ற அமைப்பு. குடிமக்களுக்குக் குறிபார்த்துச் சுடப் பயிற்சி தர 1903-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வாரிசு இது. 1996-ல் சட்டம் போட்டுத் தனி அமைப்பாக்கினார்கள். வாங்குபவர் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். இணைந்த சங்கத்தில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும்.

இது எத்தனை நாளைக்கு?

50 வருட விதிப்படி, ஒவ்வொரு புத்தாண்டிலும் இன்னொரு வருடத்துத் துப்பாக்கிகள் தகுதி பெற வேண்டும். ஆனால் 1960-களுக்குப் பிறகு ராணுவங்கள் எம்16, ஏகே போன்ற தானியங்கி ரைஃபிள்களுக்கு மாறிவிட்டன. தானியங்கியைப் பொதுமக்களுக்காக இறக்குமதி செய்ய 1968 சட்டம் விடாது. அதற்கு எத்தனை வயசானாலும் சரி.

ஆக, கேரண்டும் மொசினும் ஏறக்குறையக் கடைசித் தலைமுறை. கிடங்குகளில் மிச்சம் இருப்பது வந்து தீர்ந்துவிட்டால், அந்த இடத்தை நிரப்பப் பெரிதாக எதுவும் இல்லை. கொரியாவுக்கு அப்படி மல்லுக்கட்டியதும் இதனால்தான்.