மேட்டிலிருந்து பள்ளத்துக்கு!

கட்டில் கால், பூரிக்கட்டை, அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்... எல்லாம் ஒரே குலம் சார்! கடைசல் பட்டறையில் பிறந்தவை. மரம் சுழலும், உளி நகரும், அவ்வளவுதானே என்று அசட்டையாகக் கை வைத்தால், உளி 'லபக்'கென்று மாட்டிக்கொள்ளும். கட்டை பிய்த்துக்கொண்டு முகத்துக்கே பறந்து வரும்!

சூட்சுமம் இரண்டுதான்.

ஒன்று: உளிமுனைக்குப் பின்னாலுள்ள சாய்ந்த பட்டையை முதலில் மரத்தில் உரச விடுங்கள். பிறகு கைப்பிடியை மெள்ள உயர்த்தினால் கூர் தானாகப் பிடிக்கும். சுருள் சுருளாய்ச் சீவல் வந்தால் பாஸ். வெறும் தூள் கொட்டினால் உளி மொட்டை. சாணைக்கு நட!

இரண்டு: பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கே உளி இறங்கணும். அப்போது வெட்டுப்படும் நாருக்கு அடியிலுள்ள நார் முட்டுக் கொடுக்கும். ஏறுமுகமாய்ப் போனால் தாங்க ஆளில்லை. நார் பிய்ந்து சொரசொரக்கும். பள்ளம் கடையணுமா? இரண்டு பக்கமிருந்தும் இறங்கி நடுவில் நிறுத்துங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தொளதொள சட்டை, டை, செயின் கூடவே கூடாது. உப்புத்தாள் தேய்க்குமுன் மெஷினை நிறுத்தி, உளி தாங்கியை அகற்றிவிடுங்கள். இடுக்கில் விரல் சிக்கினால் போச்சு!

ஆபீஸில் எல்லோருக்கும் ஏறுமுகம்தான் ஆசை. கடைசலில் மட்டும்... இறங்குகிறவனே கெட்டிக்காரன்!