மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான இசைச் சிகிச்சை

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான இசைச் சிகிச்சை என்பது பாடல், தாளம், இசைக்கருவி ஆகியவற்றின் துணையுடன் மாணவரின் பேச்சு, அசைவு, கவனம், பிறருடன் பழகுதல் முதலியவற்றை மேம்படுத்த முயலும் துணைச் சேவை ஆகும். இசைக் கல்வியிலிருந்து இது வேறுபட்டது. அங்கு பாடலைப் பிழையின்றிப் பாடுவதே இலக்கு. இங்கு பாடல் ஒரு வழி மட்டுமே.

செயல்படும் முறை

நன்கு அறிந்த பாடலின் கடைசிச் சொல்லைப் பாடாமல் சிகிச்சையாளர் நிறுத்துவார். அவ்விடைவெளியை நிரப்பக் குழந்தை எழுப்பும் ஒலியே பேச்சுப் பயிற்சியின் தொடக்கம். மூளை முடக்குவாதம் உள்ள மாணவர் கையை நீட்டினால் மட்டுமே எட்டும் தொலைவில் கஞ்சிரா வைக்கப்படும். செவித்திறன் குறைந்தோர் பறையின் அதிர்வை உடலால் உணர்வர். ஆனால் அதே பறையொலி, ஒலியைத் தாங்க இயலாத மதியிறுக்கக் குழந்தைக்குத் துன்பமாகலாம்.

அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் சிறப்பாசிரியர் கிளைவ் ராபின்சும் 1959 இல் இங்கிலாந்தில் தொடங்கிய முறையில், குழந்தை எழுப்பும் ஒலிக்கேற்ப உடனுக்குடன் இசை உருவாக்கப்படுகிறது.

ஆய்வுகள்

ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 364 மதியிறுக்கக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வில், ஐந்து மாத இசைச் சிகிச்சை அறிகுறிகளின் கடுமையைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. 26 ஆய்வுகளைத் தொகுத்த 2022 ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பீடோ, ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கு வாய்ப்புண்டு என்கிறது. இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்ற பரவலான கூற்றுகளுக்கு இத்தகைய சான்று இல்லை.

சட்டநிலை

ஒரு மாணவரின் கல்விக்குத் தேவையெனில் இசைச் சிகிச்சையும் துணைச் சேவையாகலாம் என அமெரிக்கக் கல்வித்துறை 2000 இல் தெளிவுபடுத்தியது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடங்கிய கல்வியை வலியுறுத்துகிறது. எனினும் 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வுக் குழுமம் பதிவு செய்யும் 16 வகைப் பணியாளர்களுள் இசைச் சிகிச்சையாளர் இல்லை. ஆகவே பெற்றோர் ஒருவரை நாடும்போது அவர் எங்கே, எவ்வளவு காலம் பயின்றார் என்று கேட்டறிவது நன்று.

சங்கராபுரம் பகுதி

2019 இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சங்கராபுரமும் கல்வராயன் மலையும் அடங்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான சிறப்பாசிரியர், இயன்முறைப் பயிற்சி ஆகிய உதவிகள் வட்டார வள மையங்கள் வழியே அளிக்கப்படுகின்றன. மலைச் சிற்றூரில் வாழும், நடக்க இயலாத குழந்தைக்கு மையத்துக்கு வருவதே பெரும் தடை. வீடுசார் கல்வி இத்தகையோருக்கானது. இசைச் சிகிச்சையில் முறையான பட்டமேற்படிப்பு புதுச்சேரியிலுள்ள சிறீ பாலாஜி வித்யாபீத் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்பட்டு வருகிறது. சிகிச்சையாளர் வழிகாட்டினால், கடைசிச் சொல்லை நிறுத்தும் பயிற்சியைத் தாயே தாம் பாடும் தாலாட்டைக் கொண்டு வீட்டில் தொடரலாம்.